காதலின் 18 அதிகாரங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 32. தமிழ் எம்.ஏ. படித்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தில் 6 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவர். கணவர் பெங்களூரிலேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவர். வீட்டில் தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலை 7 மணிக்குக் கிளம்பினால் இரவு 9 மணிக்குத்தான் வீடு. 3 வயதில் ஒரு மகள். மாமியார் கூடவே இருக்கிறார், ஹாலில் படுக்கிறார். "குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவார். ஆனால் ஒருநாள்கூட 'உன்னைப் பிடிக்கும்' என்று சொன்னதில்லை. சாப்பிடும்போது கையில் போன். செம்புலப் பெயல்நீர் போல என் நெஞ்சு யாரோடும் கலந்ததே இல்லை" என்கிறார். அல்சூர்ப் பக்கம் நடக்கும் வாசிப்புக் கூட்டத்தில் அறிமுகமான ஒருவர் தினமும் வாட்ஸாப்பில் கவிதை வரிகள் அனுப்புகிறாராம். "அந்த வரி வரும்போது மட்டும்தான் உயிர் வருகிறது. பாட்டு, கோலம், அம்மாவோடு போனில் பேச்சு, எதிலும் பிடிப்பில்லை. விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது."

மூன்று கேள்விகள் கேட்கிறார். காதல் இல்லாத திருமணம் பொய்தானே? கணவரிடம் "உங்களை நான் காதலித்ததே இல்லை" என்ற உண்மையைச் சொல்லிவிடட்டுமா? விவாகரத்தை "மியூச்சுவலா போட்டா ஆறு மாசத்துல முடிஞ்சிடும்" என்று, இருவரும் சம்மதித்துப் பிரிவதைப் பற்றித் தோழி சொல்வது சரியா?

அன்புச் சகோதரி,

கூச்சத்தால் ஏதேனும் எழுதாமல் விட்டிருந்தால் அதை முதலில் கேட்டுவிடுகிறேன். மிரட்டல், பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது, விருப்பமில்லாதபோது படுக்கையில் வற்புறுத்துவது, இவற்றில் எது நடந்தாலும் கீழே நான் சொல்வதை ஒதுக்கிவிட்டு மகளிர் உதவி எண் 181ஐ அழையுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். அப்படி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் உடம்பு

உங்கள் மூன்று கேள்விகளைவிட அந்த விடிகாலை விழிப்புதான் எனக்குக் கவலை தருகிறது. பிடித்த எதிலும் பிடிப்பில்லாமை, அதிகாலையில் தூக்கம் கலைவது, அம்மாவோடுகூடப் பேச மனம் வராதது, இவையெல்லாம் 2 வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும். அந்த நோயில் பாசமும் மரத்துப்போகும். பெற்ற பிள்ளையைத் தூக்கினால்கூட ஒன்றும் தோன்றாது. அந்த நிலையில் இருந்துகொண்டு "இவர்மேல் எனக்குக் காதல் இல்லை" என்று போடும் தீர்ப்பை நம்ப முடியாது. ஆறு வருடத்தையும் அந்தச் சோர்வின் வழியாகவே மனம் திரும்பிப் பார்க்கும். நல்லதாக நடந்த எதுவும் நினைவுக்கு வராது.

ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கான சோதனை), ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே அலுப்பைத் தரும். பிறகு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்று தயங்கினால், பி.டி.எம். லேஅவுட்டில் அவர்களே நடத்தும் நலவாழ்வு மையம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே அழையுங்கள். மாத்திரை எழுதினால் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: மனச்சோர்வு மருந்துகளில் சில தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கும். வேறு மருந்து மாற்றித் தர வழியுண்டு. நீங்களாக நிறுத்தக் கூடாது.

புலவர்கள் எங்கே நின்று பாடினார்கள்

"சங்கக் காதல் என்றாலே களவுதான், பார்த்து வைத்த கல்யாணம் அதற்கு நேர் எதிர்" என்று எழுதியிருக்கிறீர்கள். களவு என்றால் கல்யாணத்துக்கு முன் ஊரறியாமல் வளரும் காதல். நீங்கள் படித்த பாடம்தான், நினைவூட்டினால் போதும். தொல்காப்பியம் களவியலை அடுத்து, மணவாழ்க்கையைச் சொல்லும் கற்பியலை வைக்கிறது. கொடுப்பதற்கு உரியவர் கொடுக்க, கரணத்தோடு, அதாவது மணச் சடங்கோடு, கொள்வதைக் கற்பு என்கிறது. வீட்டைவிட்டுக் காதலனோடு உடன்போனவர்களுக்குக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்று அடுத்தபடியாகச் சொல்கிறது. எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்று அது யாரையும் குறைத்து மதிப்பிடவில்லை.

திருக்குறளுக்கு வாருங்கள். காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. அந்த 18இல் பெரும்பகுதி பிரிவும் காத்திருப்பும். கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. புலவி, ஊடல் இரண்டும் காதலர்களுக்குள் வரும் பிணக்குதான். கணவன் தும்முகிறான், வாயார வாழ்த்தியவள் மறுகணமே "யாரை நினைத்துத் தும்மினீர்" என்று அழுகிறாள் (1317). அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான்; "உம்மவர் உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா" என்று அதற்கும் அழுகை (1318). காமத்துப்பால் போய் முடிகிற இடம் இப்படிப்பட்ட வீட்டுப் பிணக்குதான். நீங்களோ முதல் 7 அதிகாரங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டை அளக்கிறீர்கள்.

"செம்புலப் பெயல்நீர்" என்று நீங்கள் மேற்கோள் காட்டிய குறுந்தொகை 40ஆம் பாட்டு களவுக் காலத்துப் பாட்டுதான், மறுக்கவில்லை. யார், எந்தச் சூழலில் சொன்னது என்று காட்டும் அதன் கூற்றுக் குறிப்பை மட்டும் ஒருமுறை பாருங்கள். கூடிய பிறகு "இவர் நம்மைப் பிரிந்துவிடுவாரோ" என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் வேறுபட்டதைக் கண்டு தலைவன் சொல்வது அது. பயந்துபோன ஒருத்திக்குச் சொன்ன ஆறுதல். பயமே இல்லாமல், சந்தேகமே இல்லாமல் கலந்த நெஞ்சங்களை அந்தப் பாட்டிலும் தேட முடியாது. அதோடு, நான்கு முதல் எட்டு அடிக்குள் ஒரு கணத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது குறுந்தொகையின் முறை. நாடக வழக்கும் (புனைவும்) உலகியல் வழக்கும் (நடப்பும்) கலந்ததுதான் அகப்பாட்டு என்னும் காதல் பாட்டு என்று தொல்காப்பியமே சொல்லிவிடுகிறது. வாடகை, குழந்தையின் காய்ச்சல், மாமியாரின் பி.பி. மாத்திரை எல்லாம் உள்ள 24 மணி நேர வாழ்க்கையை அந்த ஐந்து அடியோடு ஒப்பிட்டால் எந்த வீடும் தோற்கும்.

இனி, நீங்கள் கோபப்பட்டிருக்கிற குறுந்தொகை 167ஆம் பாட்டு. "சமைத்துப் போட்டு, அவன் நல்லாயிருக்கு என்றால் பூரித்துப்போவதா காதல்?" என்று கேட்கிறீர்கள். கோபம் நியாயம். ஆனால் பாட்டை இன்னொரு தரம் மெதுவாகப் பாருங்கள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதை மாற்றவும் இல்லை. தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் நிறைகிறது. தானே பாடுபட்டு ஆக்கிய புளிக்குழம்பு. வேலைக்குப் பழகாத கை என்பது ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது. அவன் "இனிது" என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் "நுண்ணிதின்" மகிழ்ந்தது என்கிறார் கூடலூர் கிழார். பூரிப்பு என்று அவர் சொல்லவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும் மகிழ்ச்சி. அந்த அளவு உற்றுப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறவள் வளர்த்த செவிலி.

அந்தப் பாட்டில் நடப்பது மூன்று. ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் கண்டார். கண்டதை வாய்திறந்து சொன்னார். சொன்னது போய்ச் சேர்ந்தது. உங்கள் வீட்டில் முதலாவது நடக்கிறது என்று நினைக்கிறேன். "கேட்காமலே என் ஸ்கூட்டர் டயரை மாற்றி வைத்திருந்தார்" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். தேய்ந்த டயரை அவர் பார்த்திருக்கிறார், சொல்லத் தெரியவில்லை. மாற்றியதை நீங்கள் பார்த்தீர்கள். நீங்களும் ஒன்றும் சொன்னதாக எழுதவில்லை. யார் சமைப்பது என்பதைப் பழைய பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் அடுப்பில் நிற்கட்டும், "இனிது" நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொரு வரியும் உறுத்துகிறது. "அவருக்குக் கவிதை என்றால் வாட்ஸாப் குட்மார்னிங்தான்." இந்த இளக்காரத்தைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். தம்பதிகள் சண்டைபோடும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், திருமணத்தை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்: ஆளையே குறைசொல்வது, இளக்காரம், எதற்கும் சப்பைக்கட்டு, வாயை இறுக மூடிக்கொள்வது. நான்கில் மிக மோசமானது என்று அவர் சொல்வது இளக்காரத்தைத்தான். நீங்கள் இளக்காரம் செய்யச் செய்ய அவர் போனுக்குள் இன்னும் ஆழமாகப் போவார். தமிழ் எழுத்து தெரியாமல் வளர்ந்தது பெங்களூருத் தமிழர்கள் பலருக்கு நேர்ந்ததுதான். மனதில் ஈரம் இல்லாததன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்னடத்தில் கே.எஸ். நரசிம்மசுவாமியின் 'மைசூரு மல்லிகெ' 1942இல் வந்த தொகுப்பு. கணவன் மனைவிக்குள் இருக்கும் காதலைப் பாடியே பேர்வாங்கியது. இரவு நேரத்தில் மாமனார் வீட்டுக்கு வந்து சேரும் கணவனைப் பற்றிய 'ராயரு பந்தரு' பாட்டாக ஊரெங்கும் ஒலித்தது. கன்னட மீடியத்தில் படித்தவர் அதைக் கேட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒருநாள் அவரை அதைச் சொல்லிப் பொருளும் சொல்லச் சொல்லுங்கள். 167ஐ நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பொருள் கூறுங்கள்.

கவிதை அனுப்பும் நண்பர்

உங்களை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இந்த மயக்கத்தின் இயக்கத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1979இல் டாரத்தி டென்னவ் என்ற உளவியலாளர் இதை விரிவாக எழுதினார்: நினைவு ஓயாமல் ஒருவரையே சுற்றும், பதில் வருமா வராதா என்ற நிச்சயமின்மைதான் அதற்குத் தீனி. அந்த நண்பரின் காய்ச்சலையோ கடனையோ நீங்கள் பார்த்ததில்லை. கணவரிடம் பார்ப்பது முழுக்க அவைதான். இருவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நேர்மையாக இராது.

8 வாரத்துக்குத் தனி உரையாடலை நிறுத்துங்கள். வாசிப்புக் கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள், குழுவில் பேசுங்கள். இலக்கியத்தை விட வேண்டியதில்லை. "குடும்பத்தில் கவனம் தேவைப்படுகிறது, தனியாக அனுப்ப வேண்டாம்" என்று ஒரே செய்தி போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அதுவே புதிய உரையாடலாகிவிடும். முதல் 10 நாள் கை தானாகப் போனைத் தேடும், அப்புறம் தணியும். தணியவே இல்லை என்றால், வீட்டில் என்ன முடிவெடுத்தாலும் எடுப்பதற்கு முன் அதையும் ஆலோசகரிடம் சொல்ல வேண்டும்.

எட்டு வாரம்

"உங்களை நான் காதலித்ததே இல்லை" என்று அவரிடம் சொல்ல வேண்டாம். மறைக்கச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் ஆறு ஆண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு. கேட்டவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, மறக்கவும் முடியாது. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த உண்மை வேறு. அதைச் சொல்லுங்கள்: "என்னங்க, நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசி ரொம்ப நாளாச்சு. இந்த வீட்ல நான் தனியா இருக்கற மாதிரி இருக்கு. வாரத்துல நாலு நாள் கால் மணி நேரம் எனக்கு வேணும்." சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், அவர் வந்து நுழைந்த உடனேயும் வேண்டாம். பீன்யாவிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து வருகிறவருக்கு முதல் அரை மணி நேரம் எதுவும் காதில் ஏறாது.

அந்தக் கால் மணி நேரத்துக்கு ஒழுங்கு வேண்டும். மாமியார் ஹாலில் இருப்பதால் மொட்டை மாடியோ தெருமுனை வரை ஒரு நடையோ நல்லது. முகத்தைப் பார்த்துப் பேச வராதவர்களுக்குப் பக்கத்தில் நடக்கும்போது பேச்சு வரும். போன் இரண்டும் வீட்டில். ஒருவர் 5 நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதுதான்" என்று வந்த பிறகே அடுத்தவர் முறை. பிள்ளை, பணம், அம்மா மூன்றும் இந்த நேரத்தில் பேசக்கூடாத விஷயங்கள். முதல் வாரம் இது பரீட்சை போல் இருக்கும், அவர் "ஒண்ணும் இல்ல" என்றே நான்கு நாளையும் ஓட்டுவார். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: இன்று ஷிப்டில் எந்த மெஷின் நின்றது, சின்ன வயதில் அப்பா எப்படி. இன்னொரு தவறு உங்கள் பக்கம் வரலாம்: அவர் தமிழை இடையில் திருத்துவது. திருத்தாதீர்கள்.

சண்டை வந்தால் வரட்டும். "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்" (1302) என்று அளவைக் குறளே சொல்கிறது: பிணக்கு சாப்பாட்டில் உப்பு மாதிரி, கொஞ்சம் நீண்டாலும் உப்பு கூடிய மாதிரிதான். நெஞ்சு படபடக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள், குறைந்தது 20 நிமிடம். உடம்பு அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். "ஒம்பதரைக்கு மறுபடி பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நேரம் சொல்லாமல் போனால் எதிரில் இருப்பவருக்கு அது புறக்கணிப்பு. மறுநாள் தாண்டி நீட்டாதீர்கள்.

படுக்கை பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "கடமை" என்று. அப்படியானால் இருவரும் பேசி 3, 4 வாரத்துக்கு உடலுறவை ஒத்திவையுங்கள். கை பிடிப்பது, தலை கோதுவது, முதுகு தடவுவது மட்டும், அதற்குமேல் போகாது என்ற உறுதியோடு. பாலியல் ஆலோசனையில் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. தொட்டால் அடுத்து என்ன வருமோ என்ற பதற்றம் போனால்தான் விருப்பம் எட்டிப்பார்க்கும். வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டாவது வார முடிவில் உங்களையே மூன்று கேளுங்கள். அவர் வரும் சத்தம் கேட்டால் மனம் இளகுகிறதா, இறுகுகிறதா? நான் சொன்னதில் ஒன்றையாவது அவர் நினைவில் வைத்துச் செய்தாரா? இன்னும் ஓராண்டு முயல எனக்கு விருப்பம் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்று வந்தால், பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மரியாதையோடு பிரிவதும் ஒரு வழிதான்.

ஆறு மாதக் கணக்கு

தோழி சொன்னது பாதி. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் காதல் இல்லை என்பது விவாகரத்துக் காரணம் ஆகாது. உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்து ஒருதலையாக வழக்குப் போட இடமில்லை. மீளமுடியாமல் முறிந்த திருமணத்தை அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின்கீழ் கலைக்கும் அதிகாரம் உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தனக்கு மட்டும்தான். குடும்ப நீதிமன்றத்துக்கு அது இல்லை. பரஸ்பர சம்மதத்துக்கு 13பி பிரிவு. மனுப் போடும் முன்பே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவாகவே கொள்ளப்படும். மனுவுக்குப் பிறகு 6 முதல் 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை இருவரும் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் பிள்ளைப் பொறுப்பும் பேசி முடிந்திருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு. தீர்ப்பாணை வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆக, இப்போது 8 வாரம் எடுத்துக்கொள்வதால் சட்டப்படி உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

கல்யாணம் ஊரில் நடந்திருந்தாலும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் பெங்களூரு என்பதால் வழக்கு இங்கேயே நடக்கும். 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும், ஆனால் பிள்ளையின் நலனே முடிவானது. உங்களுக்குப் போட்ட நகை உங்களுடையது. பட்டியலும் போட்டோவும் எடுத்து வையுங்கள். தகாத உறவு 2018க்குப் பிறகு குற்றம் இல்லை என்றாலும் விவாகரத்துக் காரணமாக நீடிக்கிறது. வாட்ஸாப் உரையாடல் அந்த அளவுக்கு வராது. மனக்கொடுமை என்று வாதிட அதை யாரும் பயன்படுத்தலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு, எண் 15100.

ஆலோசகர் என்றாலே கணவர் "நமக்கென்ன பைத்தியமா" என்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் அமர்வுக்கு நீங்கள் மட்டும் போங்கள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அடுத்ததற்கு அவரைத் தனியாக அழைக்கச் சொல்லுங்கள். "உங்கள் மனைவிக்கு உதவ உங்களிடம் சில விவரம் தேவை" என்று ஆலோசகரே கூப்பிட்டால் அவர் வருவதற்கு வாய்ப்பு அதிகம். நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: ஆலோசகருக்குத் தமிழும் கன்னடமும் இரண்டும் பேச வருமா?